இரண்டாம் தவணை விடுமுறை வருகிறது, பிள்ளைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

எழுவான்கரைத் தாய், களுவாஞ்சிக்குடி
வெள்ளி, இரவு 8.40

நேற்று மகனின் புத்தகப் பையைத் துப்புரவு செய்தபோது அடியில் மடித்த துண்டுப்பிரசுரம் ஒன்று கிடைத்தது. விடுமுறைக்கால விசேட வகுப்பு, காலை 7 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை, புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே தயாராகுங்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். மகன் தரம் 4 படிக்கிறான். பரீட்சை அடுத்த வருடம். பாடசாலை நாளில் ஆறு மணித்தியாலம் இருக்கிற பிள்ளை, விடுமுறை நாளில் எட்டு மணித்தியாலம் தகரக் கொட்டகைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தாளைத் திரும்பவும் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் நித்திரை வரவில்லை. அனுப்பாமல் விட்டால் நாளைக்கு அவனே என்னைக் குறை சொல்வானோ என்று ஒரு பயம்.

மகள் தரம் 8. அவளுக்கு வகுப்பு அல்ல, கைத்தொலைபேசிதான் வினை. சென்ற ஏப்ரல் விடுமுறை முழுவதும் சுவரோரம் பாயில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடசாலை தொடங்கியதும் "எனது விடுமுறை" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கொப்பியில் மூன்று வரி இருந்தது. நித்திரை கொண்டேன், தொலைபேசி பார்த்தேன், புதுவருடத்துக்குச் சட்டை எடுத்தோம். அந்த மூன்று வரியை வாசித்த நாள் தொடக்கம் மனம் ஆறவில்லை.

கணவர் கட்டாரில். வீட்டில் நானும் பிள்ளைகளும் மாமனார், மாமியாரும். எனக்குத் தையல் வேலை. நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்க முடியாது, காசு செலவழித்து ஊர் ஊராகக் கூட்டிப்போகவும் வழியில்லை. நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.


கொண்டல், ஆரையம்பதி
வெள்ளி, இரவு 9.05

அக்கா, அந்தத் தாளை அலுமாரியிலேயே இருக்க விடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகஸ்ட் மாதக் கச்சான் காற்று வீசுகிற வெயிலில் தகரத்தின் கீழ் எட்டு மணித்தியாலம் என்பது தண்டனை. எங்கள் விடுமுறைகளில் காலையில் பேணிப்பந்து, மாலையில் கிளித்தட்டு. நடுவில் பாலைப்பழம் விற்கிறவர் வந்தால் ஊரே கூடும். வாயெல்லாம் பால் ஒட்டி, உதட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் துடைப்போம். அதுவெல்லாம் இன்னும் இருக்கிறது. பழமும் வருகிறது, விளையாடுகிற வெட்டையும் கிடக்கிறது. பிள்ளைகளைத்தான் காணவில்லை.


பேத்தாழையான், வாழைச்சேனை
வெள்ளி, இரவு 9.48

எல்லோரும் இப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரியும், ஆகையால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். நான் கடற்றொழில் செய்கிறவன். போரிலும் 2004 சுனாமியிலும் எங்கள் குடும்பம் இழந்ததை இங்கே எழுதி முடியாது. மிஞ்சியது பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான். மூத்தவள் ஒரு விடுமுறையும் விடாமல் வகுப்புக்குப் போனாள். இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். காலை ஐந்தரைக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் நான் மீன் ஏலத்துக்குப் போவேன். விளையாட்டு, பழம், காற்று என்று பேச எனக்கும் விருப்பம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு தவணை பின்தங்கினால் கைபிடித்துத் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள். தங்கச்சி யோசித்து முடிவு எடுக்க வேண்டும்.


எழுவான்கரைத் தாய், களுவாஞ்சிக்குடி
வெள்ளி, இரவு 10.10

அண்ணன், நீங்கள் சொல்வதுதான் என் பயமும். கோபிக்கவில்லை. மூத்த மகள் எந்த வகுப்பில் இருந்து விடுமுறை வகுப்புக்குப் போனாள்?


பேத்தாழையான், வாழைச்சேனை
வெள்ளி, இரவு 10.22

தரம் 10 தொடக்கம். அதற்கு முன் வசதி இருக்கவில்லை.


சுண்ணக்கட்டி, மட்டக்களப்பு நகர்
சனி, காலை 6.30

தம்பி வாழைச்சேனையின் கடைசி மறுமொழியை எல்லோரும் இன்னொரு முறை வாசியுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளை வேறு, தரம் 4 பிள்ளை வேறு. பதினாறு வயதில் விடுமுறையிலும் நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் மேசையில் இருப்பது நியாயம். ஒன்பது வயதில் அதையே செய்தால் படிப்பு என்ற சொல்லே பிள்ளைக்குக் கசந்துவிடும். 31 வருடம் ஆரம்பப் பிரிவில் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

விடுமுறையில் படித்தது மறந்துபோகும் என்ற பயத்துக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996இல் 39 ஆய்வுகளை ஆராய்ந்து பார்த்தார்கள். நீண்ட கோடை விடுமுறை முடிந்து வரும்போது பிள்ளைகளின் புள்ளிகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு இறங்கியிருந்தன. கணிதத்தில் இறக்கம் கூட. வாசிப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நட்டமில்லை, வறிய வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆனால் அங்கே விடுமுறை பத்து வாரத்துக்கும் மேல். நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. அதோடு 2019இல் போல் வொன் ஹிப்பல் என்பவர், பழைய சோதனைகள் அளந்த முறையிலேயே கோளாறு இருந்ததால் அந்த இழப்பைப் பெரிதாக நம்ப முடியாது என்று எழுதினார். ஆகவே மறதிப் பயத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

பெற்றோர் கூட்டங்களில் நான் வழக்கமாகச் சொல்வது வேறொரு ஆய்வு. ஃபுளோரிடாவில் வறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கும்போது ஆளுக்கு 12 நூல் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருடம் தொடர்ந்து கொடுத்தார்கள். வகுப்பும் இல்லை, வினாத்தாளும் இல்லை. 2010இல் முடிவு வெளிவந்தது. நூல் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு, கிடைக்காதவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. அந்த நூல்களைப் பிள்ளைகள் தாங்களே தெரிந்தெடுத்தார்கள். அதை முக்கியமாகக் கவனியுங்கள். நாம் நூலகத்துக்குக் கூட்டிப்போய், நீதிக்கதைப் புத்தகத்தை எடுத்துக் கையில் திணிக்கிறோம். அவன் கிரிக்கெட் பற்றிக் கேட்டால் கிரிக்கெட், பேய்க்கதை கேட்டால் பேய்க்கதை. வாசிக்கட்டும்.

களுவாஞ்சிக்குடி மகள், இன்றைக்கே பிரதேச சபை நூலகத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கத்துவம் எடுத்துவிடுங்கள். கிராம அலுவலரின் கடிதம் கேட்டால் இரண்டு நாள் செல்லும். மாமனாருக்குக் கண் பார்வை குறைவாக இருந்தால் தினமும் பத்திரிகையில் ஒரு பக்கத்தை மகன் உரத்து வாசித்துக் காட்டட்டும். கேட்க ஓர் ஆள் இருக்கும்போது பிள்ளை வாசிக்கிற வாசிப்பே தனி.


இரண்டு பஸ் மாறுபவள், செங்கலடி
சனி, காலை 11.15

எல்லாம் சரி. ஒரு விடயத்தை யாரும் சொல்லவில்லை. நான் காலை ஆறரைக்கு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவேன். கணவர் மேசன் வேலை. வீட்டில் பெரியவர்கள் இல்லை. பதினொரு வயதும் எட்டு வயதுமாக இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு அந்த வகுப்பு படிப்புக்காக அல்ல. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிற ஒரே இடம் அது. மாதக் காசைக் கட்டுவது அந்த நிம்மதிக்காக. விளையாட விடுங்கள் என்று சொல்வது எளிது. யார் பார்த்துக்கொண்டிருப்பது?


சுண்ணக்கட்டி, மட்டக்களப்பு நகர்
சனி, காலை 11.40

நீங்கள் சொன்னது சரி, மகள். நான் யோசிக்காமல் விட்டது என் பிழை.


பாவு, மருதமுனை
சனி, பிற்பகல் 2.20

செங்கலடித் தங்கச்சிக்கு எங்கள் ஒழுங்கையில் செய்கிற ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். முதலில் ஒரு விளக்கம். எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் நீண்ட விடுமுறை வரும், ஆகையால் மற்ற விடுமுறைகள் உங்களுடையதுபோல் அமையாது. ஆனால் பிரச்சினை ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு. மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். இன்று எங்கள் வீடு என்றால் பதினொரு பிள்ளைகளும் அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதிவிட்டு எட்டு மணிக்கு இங்கே வந்துவிடுவார்கள். பகல் சாப்பாடு நான். பின்னேரம் அசர் தொழுகை வரையும் என் பொறுப்பு. அடுத்த நான்கு நாளும் என் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வேலைக்குப் போகிற ஒரு உம்மாவும் இருக்கிறார். அவரால் வார நாளில் முறை எடுக்க முடியாது, அதனால் அரிசியும் பருப்பும் தந்துவிட்டு சனிக்கிழமை அவர் பார்த்துக்கொள்வார். காசு யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு வேலையைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கைத்தறி. மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளராத பிள்ளை முன்பு இல்லை, இப்போது நிறைய. சின்னவர்கள் நூலைத் தார்க் குழலில் சுற்றுவார்கள். பெரியவர்களுக்குக் கோடுபோட்ட சாரத்தின் பாவு நூலைக் காட்டி, சிவப்பு எத்தனை இழை, கறுப்பு எத்தனை இழை, இந்தக் கோடு இரண்டு முழத்தில் எத்தனை தடவை வரும் என்று கேட்பேன். கணிதம் பிடிக்காது என்று சொல்கிற பிள்ளைதான் முதலில் விடை சொல்லும். அடுத்த வீட்டில் தையல், அதற்கடுத்த வீட்டில் மாடு. ஐந்தாவது வீட்டு ராத்தா எழுதப்படிக்கத் தெரியாதவர், ஆனால் அவர் கதை சொல்கிற நாளுக்குத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.


இரண்டு பஸ் மாறுபவள், செங்கலடி
சனி, பிற்பகல் 3.02

ராத்தா, சனிக்கிழமை முறை என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. இன்று மாலை பக்கத்து வீடுகளில் கேட்கிறேன்.


வட்டைக்காவல், வெல்லாவெளி
சனி, இரவு 7.30

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஆகஸ்ட் என்றால் சிறுபோக அறுவடை. நான் பதினான்கு வயது மகனை வயலுக்குக் கூட்டிப்போகிறேன். வேலை வாங்க அல்ல. வேளாண்மை எப்படி வீட்டுக்கு வருகிறது என்று அவன் அறிய வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் மாடு கட்டிச் சூடு (கதிர்க் குவியல்) மிதித்து, களத்தில் காவலிருந்து, நெல்லைப் பொலி என்றே சொல்வார்கள். இன்று இயந்திரம் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும்போது மூடை நிரம்பிவிடுகிறது. போன வருடம் ஏக்கருக்கு எத்தனை மூடை, உரம் எவ்வளவு, இயந்திரக் கூலி எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அவனை எழுத வைத்தேன். கடைசியில் கூட்டிக் கழித்துவிட்டு, "அப்பா, எங்களுக்கு இவ்வளவுதானா மிச்சம்?" என்று கேட்டான். அதன் பிறகு அவன் என்னிடம் புதுத் தொலைபேசி கேட்கவில்லை. எனக்கு அது கவலையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இங்கே ஒரு வேண்டுகோள். இயந்திரம் ஓடும்போது பிள்ளைகளை வரம்பில் நிறுத்துங்கள், அருகில் விடாதீர்கள். இருட்டுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று எங்களுக்கே தெரியாது.


வெள்ளைத் தொப்பி, கல்முனை
சனி, இரவு 8.55

தாதி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இந்த இழையில் யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்து, யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். விடுமுறையில் எங்கள் மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய ஆபத்து நீர்.

ஆகஸ்டில் நம் பக்கத்துக் கடல் மாரி காலத்தைவிட அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பிள்ளைகள் இறங்குகிறார்கள். முகத்துவாரங்களில் நீரோட்டம் மேலே தெரியாது. ஆற்றில் மணல் அகழ்ந்த இடத்தில் முழங்கால் அளவு நீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆள் அமிழ்கிற குழிக்குள் போய்விடும். குளத்து மதகும் அப்படித்தான். மூழ்குகிற பிள்ளை சத்தம் போடாது, கை அசைத்துக் கூப்பிடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேல் வருகிற கணத்தில் மூச்சு எடுக்கத்தான் நேரம் இருக்கும். கரையில் நிற்கிறவர்கள் விளையாடுகிறான் என்றே நினைப்பார்கள். காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, சாரம், மூடிய வெற்றுக் கலன், எது கிடைத்தாலும் எறியுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் போதாது, ஒரு நாள் முற்றத்தில் எறிந்து பழக்குங்கள். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கம்.

2004க்குப் பிறகு எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கடல் பக்கமே விடுவதில்லை. என் அம்மாவும் அப்படித்தான். அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருப்பதுதான் அதைவிடப் பயம். பாசிக்குடாவில் தூரம் வரை இடுப்பளவு நீர். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று காலையில் ஒரு மணித்தியாலம் பழக்கினால், ஒரு விடுமுறையில் மிதக்கவாவது கற்றுக்கொள்ளும்.

வெயிலைப் பற்றி நீட்ட மாட்டேன். பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் வையுங்கள், தாகம் எடுக்குமுன் தண்ணீர் கொடுங்கள். பிள்ளை தடுமாறிப் பேசினால் அல்லது உடம்பு நெருப்பாகக் கொதித்தால் நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

இன்னொன்று. விடுமுறைக்குக் கடையில் நிற்கட்டும், கையில் காசு வரும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2021 முதல் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 16. அப்பாவோடு வயலுக்குப் போவது வேறு, அந்நியரிடம் கூலிக்கு நிற்பது வேறு. அப்படிப் பிள்ளையைக் கண்டால் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம்.


எழுவான்கரைத் தாய், களுவாஞ்சிக்குடி
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று மருதமுனை ராத்தா எழுதியதை வாசித்த பிறகு என் வீட்டையே புதிதாகப் பார்த்தேன். வீட்டு வேலை என்றால் தையல் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மாமனார் வாவியில் வீச்சுவலை வீசியவர். இப்போது முழங்கால் வலியால் போவதில்லை. ஆனால் ஊரில் யாருடைய வலை கிழிந்தாலும் அவரிடம்தான் வரும். முன் விறாந்தையில் தூணில் கட்டிவைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். என் மகன் அவரைத் தாண்டித்தான் தினமும் தொலைக்காட்சி பார்க்கப் போகிறான்.

இன்று காலை, "அப்பப்பாவிடம் ஒரு சின்ன வலை பின்னக் கற்றுக்கொள்" என்று மட்டும் சொன்னேன். மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய மூங்கில் ஊசியைத் தேடி எடுத்து வந்து, தன் சாரத்தில் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.


தேம்ஸ் கரை, லண்டன்
திங்கள், அதிகாலை 2.15

கோட்டைக்கல்லாற்றில் பிறந்தவன். இங்கே ஆகஸ்டை ஒட்டித்தான் பெரிய விடுமுறை, சுமார் ஆறு வாரம். நூலகங்கள் 1999 முதல் கோடை வாசிப்புச் சவால் ஒன்று நடத்துகின்றன. பிள்ளை ஆறு நூல் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் நூலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும், ஒட்டுப்படம் கிடைக்கும். கடைசியில் ஒரு சான்றிதழ். அவ்வளவுதான். அந்த ஒட்டுப்படத்துக்காக என் மகன் மழையிலும் நடப்பான். நம் சனசமூக நிலையங்களில் ஒரு பழைய மேசையும் ஐம்பது நூலும் இருந்தால் இதைச் செய்யலாம். என் ஊரில் யாராவது முன்வந்தால் நூல்களுக்கு நான் பொறுப்பு.

இந்த மாதம் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறேன். ஒன்று கேட்க வேண்டும். என் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. போன முறை வந்தபோது உறவுப் பிள்ளைகள் எல்லோரும் அவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழகவே விரும்பினார்கள். இந்த முறை தயவுசெய்து அவர்களை விளையாட்டில் சேர்த்துத் தமிழில் திட்டுங்கள். கிளித்தட்டில் பிழை விட்டால் வருகிற தமிழ், எந்த வகுப்பிலும் வராது.


மத்தளச் சத்தம், கன்னன்குடா
திங்கள், இரவு 7.50

கூத்துக்காரக் குடும்பம் நாங்கள். ஒரு முழுக் கூத்துக்குச் சட்டம் (ஆடுபவரின் பாட்டுக் கொப்பி) கொடுத்து, பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்ற மாதக் கணக்கில் ஆகும். விடுமுறைக்குள் அது நடக்காது, நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு தாளக்கட்டும் இரண்டு பாட்டும் பழகப் பத்து மாலை போதும். சென்ற வருடம் எங்கள் முற்றத்தில் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டான் என்று சொல்லப்பட்ட ஒரு பையன் வடமோடிக் கூத்தின் வரவுக்கு ஆடிக்கொண்டு வந்தபோது அவனுடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பெண் பிள்ளைகளும் வரலாம். முன்பு ஆடவில்லை என்பதற்காக இனியும் ஆடக்கூடாது என்று இல்லை.

களுவாஞ்சிக்குடி அக்காவின் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். வடமோடியில் அரசனுக்குக் கட்டுகிற உடுப்பின் பெயர் கரப்புடுப்பு. மீன் பிடிக்கிற கரப்பைக் கவிழ்த்தாற்போல் விரிந்து நிற்கும். அப்பப்பாவிடம் கரப்பு என்றால் என்ன என்று கேட்கட்டும்.


சுண்ணக்கட்டி, மட்டக்களப்பு நகர்
செவ்வாய், காலை 6.10

ஒரு நாள் பயணத்துக்கும் காசு அதிகம் வேண்டாம். பஸ்ஸில் கல்லடியில் இறங்குங்கள். 2013இல் திறந்த புதிய பாலத்தின் பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. அதில் நடந்தால், பூரணை இரவுகளில் மீன் பாடுவது இந்த நீரில்தான் என்று காட்டலாம். துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். அருகிலேயே சிவானந்த வித்தியாலய வளவில் தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்த ஒரு பிள்ளை இந்த மண்ணில் இருந்து என்னவெல்லாம் செய்தது என்று அங்கே நின்று சொன்னால் பதியும். பிறகு 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. மாலையில் பாலமீன்மடு வெளிச்சவீடு, அது 1913. எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டாம். இரண்டு போதும். பிள்ளை கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்வதுதான் முக்கியம்.


எழுவான்கரைத் தாய், களுவாஞ்சிக்குடி
மூன்றாம் தவணை தொடங்கிய வாரம், வியாழன், இரவு 9.30

விடுமுறை முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

சில காரியங்கள் சரிவரவில்லை. நூலகத்துக்கு மூன்று தடவை போனோம், இரண்டு தடவை பூட்டியிருந்தது. நீச்சல் நடக்கவில்லை, மாமியார் அழுதுவிட்டார், அவரை வற்புறுத்த மனம் வரவில்லை. மகளின் தொலைபேசியை முதல் மூன்று நாள் பறித்து வைத்தேன். வீட்டில் சண்டைதான் மிஞ்சியது.

நான்காம் நாள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்து, பெத்தா (என் மாமியார்) பேசுவதை ஒலிப்பதிவு செய்து தா என்று கேட்டேன். காற்றுகளின் பெயரில் தொடங்கினாள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான், எது எந்தத் திசை, எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்று பெத்தா சொல்லச் சொல்லக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். மணலை, ஓரா, திரளி, கொடுவா என்று மீன்களுக்குப் படமும் கீறினாள். அரைக் கொப்பி நிரம்பியது. ஒரு மாலை பெத்தா, தான் சிறு பெண்ணாக இருந்தபோது குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற படகுப்பாதையில் ஏறி மண்டூர்த் திருவிழாவுக்குப் போன கதையைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே எங்களையும் கூட்டிப்போகச் சொல்லி மகள் நின்றாள். போனோம். படகுப்பாதை நடு வாவிக்கு வந்தபோது எழுவான்கரையும் படுவான்கரையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தெரிந்தன. இவ்வளவு வருடமாகப் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறோம், என் பிள்ளைகளுக்கு அது முதல் தடவை.

மகனின் வலை. அப்பப்பா மேலே 40 கண்ணில் தொடங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு மூன்றாவது சுற்றிலும் 8 கண் கூட்ட வேண்டும், அப்போதுதான் வலை கீழே விரியும். ஒன்பதாவது சுற்று முடிந்த அன்று, "இப்போது எத்தனை கண் இருக்க வேண்டும்?" என்று கேட்டார். மகன் விரலை மடக்கி 64 என்றான். "எண்ணு" என்றார். எண்ணினான், 63. திரும்பவும் எண்ணினான், 63. நான் தையல் இயந்திரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே விட்டான் என்று மாமனாருக்கு முதலே தெரிந்திருக்கும், ஆனால் வாய் திறக்கவில்லை. பிள்ளை வலையை மடியில் போட்டு ஒவ்வொரு சுற்றாகத் தடவிக்கொண்டு போய், ஆறாவது சுற்றில் கூட்டாமல் விட்ட இடத்தைப் பிடித்தான். மூன்று சுற்றையும் அவிழ்க்க வேண்டும். உதடு துடித்தது. அழுவான் என்று நினைத்து எழும்பப் போனேன், மாமனார் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். அவன் அவிழ்க்கத் தொடங்கினான். அன்றைக்கு மத்தியானச் சோறு மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டான்.

பாடசாலை தொடங்குமுன் வலையை முடித்துவிட்டான். இரண்டு முழ உயரம் வரும். கீழே கட்ட ஈயக்குண்டு வேண்டும். இங்கே கடையில் கேட்டால் பெரிய வலைக்கு உரிய அளவுதான் இருக்கிறது, இந்தச் சின்ன வலை தாங்காது. யாருக்காவது எங்கே கிடைக்கும் என்று தெரியுமா?


பேத்தாழையான், வாழைச்சேனை
வியாழன், இரவு 9.52

கடையில் வாங்க வேண்டாம் தங்கச்சி. என் பழைய இறால் வலையில் சின்னக் குண்டு இருக்கிறது, அறுபது எழுபது தேறும். ஞாயிற்றுக்கிழமை கல்முனைக்கு வருகிறேன், வழியில் தந்துவிடுகிறேன். இளையவனையும் கூட்டி வரலாமா? தரம் 5 படிக்கிறான். அன்றைக்கு அவனுக்கு வகுப்பு இருக்கிறது, ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. உங்கள் மாமனாரின் கை வேலையை அவன் பார்க்க வேண்டும்.


எழுவான்கரைத் தாய், களுவாஞ்சிக்குடி
வியாழன், இரவு 9.58

கட்டாயம் கூட்டி வாருங்கள் அண்ணன். பகல் சாப்பாடு இங்கேதான். மூங்கில் ஊசி இன்னொன்று செய்து வைக்கச் சொல்கிறேன்.